38,000 திரைச்சீலைகள்

ஹிஜ்ரி 305-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 917. ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து இரு தூதர்கள் பக்தாதை நோக்கிப் பயணம் புறப்பட்டனர். சமாதானமும் கைதிகள் பரிமாற்றமும் வேண்டும் என்பது அவர்கள் சுமந்து வந்த செய்தி. வழியில் திக்ரீத் நகரில் அவர்கள் நிறுத்தப்பட்டார்கள். ஒரு நாளன்று, இரு நாளன்று, இரண்டு மாதங்கள். பிறகு பக்தாதுக்குள் அழைத்து வரப்பட்டு ஒரு மாளிகையில் தங்கவைக்கப்பட்டார்கள். அங்கும் மேலும் இரண்டு மாதங்கள் கடந்தன. கலீஃபாவைக் காண அவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. போரோ, நோயோ, அரசியல் குழப்பமோ இதற்குக் காரணமன்று. அரண்மனை அலங்காரம் இன்னும் முடியவில்லை என்பதே காரணம் என்று எழுதி வைத்திருக்கிறார் வரலாற்றாசிரியர் கதீப் அல்பக்தாதி (ரஹ்).

அரசு விழாக்களுக்கும் அணிவகுப்புகளுக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் பெரும் பணம் செலவாகும்போதெல்லாம் நம் வீடுகளில் ஒரு விவாதம் எழுவதுண்டு. 'இவ்வளவு பணத்தில் எத்தனை பள்ளிக்கூடம் கட்டலாம்' என்று ஒருவர் சொல்வார். 'நாட்டுக்கு ஒரு கௌரவம் வேண்டாமா, நாலு பேர் மதிக்க வேண்டாமா' என்று மற்றவர் கேட்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோல் தோன்றும்; தேநீர் ஆறிப்போகும்; பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். இந்தக் கேள்வி புதியதன்று. நம் முன்னோர் இதை நம்மைவிடக் கூர்மையாகக் கேட்டிருக்கிறார்கள். சில வேளைகளில் பெரும் விலை கொடுத்து விடையும் அறிந்திருக்கிறார்கள். அந்த விடைகளுள் ஒன்றைத் தேடித்தான் பக்தாதின் அந்த அரண்மனைக்குள் நாம் நுழைகிறோம்.

ஒருவழியாக நாள் குறிக்கப்பட்டது. நகரின் ஷம்மாஸிய்யா வாயிலிலிருந்து அரண்மனை வரை குதிரைப்படையும் காலாட்படையுமாக 160,000 வீரர்கள் இருமருங்கும் அணிவகுத்து நின்றார்கள் என்பது அறிவிப்பு. (இத்தகைய எண்ணிக்கைகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கதீப் அல்பக்தாதி இந்நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர். வியந்தவர் வாயில் எண்கள் வளர்வது எல்லாக் காலத்துக்கும் பொது. ஆயினும் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் அந்தக் காட்சியின் பருமன் குறைவதாயில்லை.) அரண்மனைக்குள் தொங்கவிடப்பட்டிருந்த திரைச்சீலைகள் 38,000. அவற்றுள் 12,500 பொன்னிழை வேய்ந்தவை. விரிக்கப்பட்ட கம்பளங்கள் 22,000. பணியாளர் 7,000 பேர், வாயிற்காவல் அதிகாரிகளான ஹாஜிபுகள் 700 பேர்.

தூதர்கள் முதலில் தலைமை ஹாஜிபான நஸ்ர் அல்குஷூரியின் கூடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அங்கிருந்த பொலிவைக் கண்டு இவரே கலீஃபா என்று மருண்டுவிட்டார்கள். இல்லை, இவர் வாயிற்காவல் தலைவர் என்று சொல்லப்பட்டது. அடுத்து வஸீர் இப்னுல் ஃபுராத்தின் அவை. முன்னதைவிடப் பெரிய பொலிவு. இவர்தாம் கலீஃபா என்று ஐயமற நம்பினார்கள். அதுவும் இல்லை என்றார்கள். அதன்பிறகுதான் அரண்மனைச் சுற்று தொடங்கியது. குதிரைகள் வரிசையாக நின்ற கூடம். பட்டுப் போர்த்திய நான்கு யானைகள், ஒவ்வொன்றின் மேலும் சிந்து நாட்டு வீரர் எட்டுப்பேர். வலப்புறம் ஐம்பது இடப்புறம் ஐம்பது என நூறு சிங்கங்கள். ஈயத்தால் அமைத்த குளமும் அதைச் சுற்றிய பேரீச்சைத் தோப்பும்.

பின் வந்தது தாருஷ் ஷஜரா, 'மர மாளிகை'. தெளிந்த நீர் நிறைந்த தடாகத்தின் நடுவே வெள்ளியில் ஒரு மரம். எடை 500,000 திர்ஹம். பதினெட்டுக் கிளைகள், கிளைகளில் பொன்னாலும் வெள்ளியாலும் ஆன பறவைகள், காற்று வீசும்போது அவை குரலெழுப்பின. இவ்வாறு 23 மாளிகைகளைச் சுற்றிக் களைத்த பிறகே, டைக்ரிஸ் நதிக்கரையில் தாஜ் மாளிகையில் கருங்காலி அரியணையில் அமர்ந்திருந்த கலீஃபா அல்முக்ததிரின் முன் அவர்கள் நிறுத்தப்பட்டார்கள்.

இங்கே ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. அந்தத் தூதர்களுக்கு இயந்திரப் பறவை பாடும் பொன்மரம் முற்றிலும் புதிய அதிசயமாக இருந்திருக்க முடியாது. அவர்களுடைய பேரரசர் தியோஃபிலோஸ் காலத்திலேயே, அதாவது அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே, கான்ஸ்டாண்டிநோபிள் அரண்மனையில் அத்தகைய மரம் ஒன்று இருந்தது. பின்னர் 949-இல் அங்கே சென்ற இத்தாலியத் தூதர் லியுட்பிராண்ட், பாடும் பறவைகளையும் கர்ஜிக்கும் சிங்கப் பதுமைகளையும் மேலெழும் அரியணையையும் கண்டதாக எழுதியிருக்கிறார். இரு பேரரசுகளும் ஒன்றையொன்று பார்த்து ஒரே பொம்மையைச் செய்துகொண்டிருந்தன. ஒருவர் மகள் திருமணத்துக்கு ஐந்து வகை உணவு என்றால் அடுத்தவர் ஏழு வகை என்று போகும் நம் ஊர் வழக்கம் நினைவுக்கு வருகிறது.

சரி, இத்தனையும் எதற்காக? ரோமர்கள் அஞ்ச வேண்டும், முஸ்லிம்களின் ஆட்சி தளரவில்லை என்று நம்ப வேண்டும் என்பதற்காக. அது நடந்ததா என்பதே கேள்வி. தூதர்கள் அசந்துபோனது உண்மை. சமாதானமும் ஏற்பட்டது. ஆகவே விழா பயன் தந்தது என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதை நோக்க வேண்டும். அப்போது ரோம அரியணையில் இருந்தவர் ஏழாம் கான்ஸ்டாண்டைன் என்னும் சிறுவர். அவருடைய தாய் ஸோயி ஆட்சியை நடத்திவந்தார். மேற்கே பல்கேரிய அரசர் சிமியோன் அவர்களை நெருக்கிக்கொண்டிருந்தார். அவரை எதிர்க்கக் கிழக்கு எல்லையிலிருந்து படைகளை மாற்ற வேண்டியிருந்தது. அதற்குத்தான் சமாதானம் தேவைப்பட்டது. அதாவது, திரைச்சீலை ஒன்றுகூடத் தொங்காவிட்டாலும் அவர்கள் கையொப்பமிட்டுத்தான் இருப்பார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 20 அன்று அன்கியாலோஸ் அருகே பல்கேரியரிடம் ரோமப் படை சிதறடிக்கப்பட்டது என்பது தனிக்கதை.

உண்மையில் பயன் தந்த செலவு வேறொன்று. தளபதி முஃனிஸ் எல்லைக்கு அனுப்பப்பட்டார். முஸ்லிம் கைதிகளை மீட்பதற்காக அவரிடம் 120,000 தீனார் வழங்கப்பட்டது என்று இப்னுல் அஸீர் (ரஹ்) பதிவு செய்கிறார். இன்றைய துருக்கியின் தென்கரையில் லாமிஸ் ஆற்றங்கரையில் பரிமாற்றம் நடந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் மீண்டார்கள். அவர்களுள் பெண்கள் இருந்திருப்பார்கள், பிள்ளைகள் இருந்திருப்பார்கள், ஆண்டுக்கணக்கில் அடிமைத்தளையில் வாடியவர்கள் இருந்திருப்பார்கள். வெள்ளி மரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய ஏடுகள் அந்த ஆற்றைக் கடந்து வந்தோர் ஒருவரின் முகத்தையும் நமக்குக் காட்டவில்லை. இந்த இடத்தில் நமக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

இவ்வளவு சொன்னதால், காட்சியும் அடையாளமும் வீண் என்று நாம் கூறுவதாக யாரும் கருத வேண்டாம். அப்படிக் கூற நம் மார்க்க வரலாறே இடம் தராது. அருள்மறையில் சுலைமான் (அலை) அவர்களின் பளிங்கு மாளிகையும் வருகிறது. அலங்காரத்தோடு தன் சமூகத்தின் முன் புறப்பட்டு வந்த காரூனும் வருகிறான். முன்னது ஓர் அரசியின் உள்ளத்தைத் திறந்தது. பின்னவனைப் பூமி விழுங்கியது.

நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் இதற்குரிய சான்றுகள் வியப்பூட்டுபவை. ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டு, முன்னாண்டு தடுக்கப்பட்ட உம்ராவை நிறைவேற்ற முஸ்லிம்கள் மக்காவுக்கு வந்தார்கள். மதீனாவின் காய்ச்சல் இவர்களை நலிவுறச் செய்துவிட்டது என்று குறைஷிகள் பேசிக்கொண்டார்கள். அதனை அறிந்த நபி (ஸல்) அவர்கள், தவாஃபின் முதல் மூன்று சுற்றுகளில் தோள்களை அசைத்து விரைந்து நடக்குமாறு தோழர்களுக்குக் கட்டளையிட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த குறைஷிகளின் பேச்சு மாறிப்போனது. இதுவும் அரசியல் காட்சிதான். எதிரி காண வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது. ஆனால் இதற்கு ஒரு திர்ஹமும் செலவாகவில்லை. பொய்யும் இதில் இல்லை. நடந்தவர்கள் உண்மையிலேயே வலிமை உடையவர்கள்.

மறு ஆண்டு மக்கா வெற்றி. மர்ருழ் ழஹ்ரானில் இரவில் எங்கு நோக்கினும் நெருப்புகள் எரிந்தன. காலையில், படை கடந்து செல்லும் குறுகிய இடத்தில் அபூ சுஃப்யானை நிறுத்திவைக்குமாறு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஒவ்வொரு குலமாக அவர் கண்முன் கடந்து சென்றது. அந்த அணிவகுப்பைக் கண்ட மனிதர் மக்காவுக்குள் சென்று, எதிர்க்க வேண்டாம் என்று தம் மக்களிடம் கூறினார். இரத்தம் பெருகியிருக்க வேண்டிய ஒரு நாள் பெரும்பாலும் இரத்தமின்றி முடிந்தது. ஓர் அணிவகுப்பு இதைவிட என்ன பயனைத் தர முடியும்?

எனவே கேள்வி 'காட்சி வேண்டுமா வேண்டாமா' என்பதன்று. யாருடைய பணத்தில், எந்த உண்மையைக் காட்ட, யாரைக் காக்க வைத்துவிட்டு என்பவையே கேள்விகள்.

இந்தக் கடைசிக் கேள்வியை நாம் உமர் (ரலி) அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம். பைத்துல் முகத்தஸ் முஸ்லிம்களின் கைக்கு வந்த காலத்தில் அவர்கள் ஷாம் சென்ற விதம் நம் பிள்ளைகளும் அறிந்ததே. நீர்த்துறை ஒன்றைக் கடக்கும்போது காலுறைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஒட்டகத்தின் கடிவாளத்தைத் தாமே பிடித்து நடந்தார்கள். இந்நாட்டு மக்கள் உங்களை இந்நிலையில் காண்பது நன்றாயில்லையே என்று அபூ உபைதா (ரலி) தயங்கியபோது, நமக்குக் கண்ணியம் இஸ்லாத்தால் வந்தது, வேறொன்றில் அதைத் தேடக்கூடாது என்னும் பொருளில் உமர் (ரலி) மறுமொழி கூறினார்கள். இவ்வளவோடு அந்த வரலாற்றை நிறுத்திவிடுவது மேடைகளில் வழக்கம். அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

அதே ஷாமில் ஆளுநராக இருந்த முஆவியா (ரலி) பெரும் பரிவாரத்தோடு கலீஃபாவை எதிர்கொண்டார்கள். உமர் (ரலி) அவர்களுக்கு அது உவப்பாயில்லை. பரிவாரத்தைப் பற்றிக் கேட்டார்கள். அதோடு, தேவையுள்ளவர்கள் உம் வாயிலில் நெடுநேரம் காத்து நிற்பதாக அறிகிறேனே என்றும் கேட்டார்கள். முஆவியா (ரலி) அதனை மறுக்கவில்லை. இது எதிரியின் ஒற்றர்கள் நிறைந்த நாடு, ஆட்சியின் வலிமை அவர்கள் கண்ணில் பட வேண்டியிருக்கிறது, தாங்கள் கட்டளையிட்டால் தொடர்வேன், தடுத்தால் விட்டுவிடுவேன் என்றார்கள். உமர் (ரலி) என்ன தீர்ப்பளித்தார்கள் தெரியுமா? கட்டளையும் இடவில்லை, தடுக்கவும் இல்லை. இப்னு கஸீர் (ரஹ்) இதைத் தம் வரலாற்று நூலில் எடுத்தெழுதுகிறார்கள். சாட்டையோடு கடைவீதியில் உலவிய அந்தக் கலீஃபாவே முடிவு சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தில், முகநூலில் நாம் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

ஆனால் அந்த உரையாடலில் உமர் (ரலி) சேர்த்துக் கேட்ட கேள்வியை மறந்துவிடலாகாது. பரிவாரத்தை மட்டும் கேட்கவில்லை. வாயிலில் காத்து நிற்பவர்களையும் கேட்டார்கள்.

டமாஸ்கஸ் பெரும்பள்ளியைப் பற்றியும் இதே வழக்கு நெடுங்காலம் நடந்தது. உமைய்யா கலீஃபா வலீத் அதைக் கட்டினார். ஷாமின் ஏழாண்டு வரிப்பணம் அதற்குச் செலவானதாகப் பேசப்பட்டது. பின்வந்த உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்), சுவர்களின் பொன்னையும் பளிங்கையும் கழற்றிப் பைத்துல்மாலில் சேர்க்க எண்ணினார்கள். அப்போது பள்ளியைக் காண வந்த ரோமத் தூதர் ஒருவர், அரபுகளின் ஆட்சி சில நாளே நீடிக்கும் என்று எண்ணியிருந்தோம், இதைக் கண்டபின் அவ்வாறு எண்ண முடியவில்லை என்று சொன்னாராம். அதைக் கேட்ட கலீஃபா தம் எண்ணத்தைக் கைவிட்டார்கள் என்பது அறிவிப்பு. நம்முள் சிக்கனத்தில் அவர்களைவிடச் சிறந்தவர் யார்?

பத்தாம் நூற்றாண்டின் புவியியலறிஞர் முகத்தஸீயும் இதைத் தம் சிறிய தந்தையிடம் விவாதித்ததாக எழுதியுள்ளார். வலீத் அந்தப் பணத்தைச் சாலைகளுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் கோட்டைகளுக்கும் செலவிட்டிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும் என்றார் இளைஞர். நாடெங்கும் கண்ணைக் கவரும் தேவாலயங்கள் நின்ற காலத்தில் முஸ்லிம்களின் உள்ளம் தளராதிருக்க வலீத் செய்த வேலை அது என்று பெரியவர் விளக்கினார். நாம் இதில் பெரியவர் பக்கமே சாய்கிறோம். அந்தப் பள்ளி ஒரு நாள் காட்சிக்குக் கட்டப்பட்டதன்று. 1,300 ஆண்டுகளாக அதில் தொழுகை நடக்கிறது. மழைக்கு ஒதுங்கும் ஏழைக்கும் அதே பளிங்குத் தரைதான். தாருஷ் ஷஜராவின் வெள்ளி மரத்தின் நிழலில் எந்த ஏழையும் அமர்ந்ததில்லை.

வாயிலில் காத்து நிற்பவர்கள் என்றதும், நம் மண்ணில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியா அரசியாரை 'கைஸரே ஹிந்த்' என்று அறிவிக்கத் தில்லியில் லிட்டன் பிரபு தர்பார் கூட்டினார். அறுபதுக்கும் மேற்பட்ட சமஸ்தான மன்னர்கள் யானைகளோடும் பரிவாரங்களோடும் வந்தார்கள். அவர்களுக்கெனத் தனித்தனியே பட்டுக்கொடிகள் வடிவமைக்கப்பட்டன. மொகலாயர் ஆண்ட நகரத்தை விழாவுக்குத் தேர்ந்தெடுத்ததே ஓர் அடையாளம். 1857-க்குப் பின் அந்நகரத்து முஸ்லிம்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு அதன் பொருளும் தெரியும். அந்த நாட்களில் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்துப் பஞ்சம் பரவிக்கொண்டிருந்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அதுதான். மாகாணத்தின் ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் தில்லியில், தர்பாரில் இருந்தார்.

தர்பார் முடிந்த கையோடு பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த ரிச்சர்ட் டெம்பிள் என்னும் அதிகாரி தெற்கே அனுப்பப்பட்டார். நிவாரண வேலைக்கு வந்தவர்களின் அன்றாடத் தானிய அளவு ஒரு ராத்தலாக, அதாவது ஏறத்தாழ 450 கிராமாகக் குறைக்கப்பட்டது. மண் சுமந்து, கல் உடைத்து உழைத்தவர்களுக்கு அவ்வளவுதான். 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. சிக்கனம் என்னும் சொல் தர்பாருக்குப் பொருந்தவில்லை, கஞ்சித்தொட்டிக்குப் பொருந்தியது. விழாக்களின் மீது நமக்கு எழும் சினத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. செலவு பெரிது என்பதால் மட்டும் சினம் எழுவதில்லை. ஒரே கை ஓரிடத்தில் விரிந்து மற்றோரிடத்தில் இறுகுவதைக் காணும்போது எழுகிறது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அதற்கு ஆளுநர் பக்கிங்ஹாமின் பெயரே நிலைத்தது. வெட்டியவர்களுக்குக் கல்வெட்டு எதுவும் இல்லை.

இதைப் படிப்பவர்கள், அரசர்களும் ஆங்கிலேயரும் செய்ததற்கு நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நம் மஹல்லாக்களின் வரவு செலவுக் கணக்கை ஒரு முறை புரட்டினால் போதும். புதிய கட்டடத் திறப்பு விழாவுக்கு வரும் பிரமுகருக்குச் சாலையெல்லாம் வளைவு, ஒலிபெருக்கி, பொன்னாடை, பிரியாணி என்று இலட்சங்கள் கரைகின்றன. பெரும் புள்ளிகள் வந்தால்தான் நமக்கு மரியாதை என்பதும், அதிகாரிகளின் கண்ணில் நம் சமூகத்தின் எண்ணிக்கை பட வேண்டும் என்பதும் முழுக்கப் பொய்யல்ல. முஆவியா (ரலி) சொன்னதன் சிறு நிழல் அதில் இருக்கிறது. ஆனால் அதே மஹல்லாவில் கல்லூரிக் கட்டணத்துக்காக மனு எழுதிக்கொண்டு வந்த பெண்பிள்ளையின் தாய், 'அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்' என்ற பதிலோடு மூன்று முறை திரும்பிப் போயிருந்தால், வளைவில் எழுதிய பெயர்களை அந்தத் தாய் எந்தக் கண்ணோடு படிப்பார்?

பக்தாதுக்குத் திரும்புவோம். தூதர்கள் போன மறு ஆண்டு, ஹிஜ்ரி 306-இல், அரசின் வரவு செலவைக் கணக்கிட்டார்கள். இருபது இலட்சம் தீனாருக்கும் மேல் பற்றாக்குறை விழுந்திருந்தது. மாதத் தொடக்கத்தில் காலாட்படைக்கு ஊதியம் கொடுப்பதற்கே பணமாற்று வணிகர்களிடம் முன்பணம் வாங்க வேண்டிய நிலை அக்காலத்தில் இருந்தது. அரண்மனை வாயிலில் ஊதியம் கேட்டுப் படையினர் கலகம் செய்வது வாடிக்கையாயிற்று. அல்முக்ததிர் தம் ஆட்சிக்காலத்தில் வீணாக்கிய தொகை ஏழு கோடித் தீனாருக்கும் அதிகம் என்று மிஸ்கவைஹி கணக்கிட்டு எழுதியிருக்கிறார். அதே 306-ஆம் ஆண்டில்தான் மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித்தின் யோசனைப்படி கலீஃபாவின் பெயரால் பக்தாதில் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் மாதச் செலவு 200 தீனார். ஒரு வெள்ளி மரம் எத்தனை மருத்துவமனை என்று வாசகர்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். அந்த மனிதரின் பெயரை நன்றியோடு நினைக்கச் செய்யும் செயலும் அவர் ஆட்சியிலேயே இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

ரோமர்களின் அச்சம் எத்தனை நாள் நீடித்தது? 934-இல் அவர்களுடைய தளபதி குர்குவாஸ் மலத்தியா நகரைக் கைப்பற்றினார். தலைமுறைகளாக முஸ்லிம்களின் எல்லைக் கோட்டையாய் விளங்கிய நகரம் அது. தூதர்கள் வெள்ளி மரத்தைப் பார்த்துப் பதினேழு ஆண்டுகளே கழிந்திருந்தன.

அதைக் காண அல்முக்ததிர் இருக்கவில்லை. 932-இல், முன்பு கைதிகளை மீட்கச் சென்ற அதே முஃனிஸ் கலீஃபாவோடு முரண்பட்டுப் படையோடு பக்தாதை நோக்கி வந்தார். படைக்குக் கொடுக்கக் கருவூலத்தில் பணமில்லை. தாயார் ஷகபிடம் கேட்டும் போதிய தொகை கிடைக்கவில்லை. நகரை விட்டு வெளியேறிவிடலாம் என்று கலீஃபா எண்ணினார். அவரைக் கண்டால் எதிர்ப்படையினர் தாமே பணிந்துவிடுவார்கள் என்று உடனிருந்தோர் தேற்றி அனுப்பினார்கள். அவர் புறப்பட்ட விதமும் ஊர்வலமாகவே இருந்தது. தோளில் நபி (ஸல்) அவர்களின் புர்தா, கையில் செங்கோல், முன்னால் திறந்த முஸ்ஹஃப்களோடு காரீகள் சென்றார்கள். கலீஃபாவின் கடைசிக் காட்சி அது.

ஷம்மாஸிய்யா வாயிலுக்கு வெளியே, ஒரு காலத்தில் 160,000 வீரர்கள் அணிவகுத்து நின்றதாகச் சொல்லப்பட்ட சாலையின் தொடக்கத்தில், முஃனிஸின் படையினர் அவரை வெட்டி வீழ்த்தினார்கள். தலையை ஈட்டியில் செருகிக்கொண்டு, உடையை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் தலையைக் கண்ட முஃனிஸ் முகத்தில் அறைந்துகொண்டு அழுதார் என்கிறார்கள். உடல் வெறுமையாய் அங்கேயே கிடந்தது. 38,000 திரைச்சீலைகளுக்குச் சொந்தக்காரரான அந்த மனிதரின் மேல், அவ்வழியே வந்த உழவர் ஒருவர் கொஞ்சம் புல்லை அள்ளிப் போட்டு மூடினார். பிறகு அவ்விடத்திலேயே குழி தோண்டி அடக்கினார்கள்.